கழிமுகத்தில் கத்தாளை: இரை, லூர், கொஞ்சம் இருட்டு

கத்தாளை மீனுக்குத் தூண்டில் ராடு தூக்கிக்கொண்டு போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, தண்ணீரில் டார்ச் அடித்துப் பார்ப்பது. நானும் செய்தேன். வைகை போய்க் கடலில் சேர்கிற ஆற்றங்கரை என்கிற ஊரில், நெற்றியில் கட்டும் லைட் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டிக்கொண்டு, தூண்டில் நரம்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வீச்சுவலையை உதறி மடித்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, மீனுக்குப் படம் காட்டுறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்கு மாட்டியது ரெண்டு பேத்தை, ஒரு கெளுத்தி.

கத்தாளை என்று ஒரே பேரில் சொன்னாலும் அது பெரிய குடும்பம். ஏலத்தில் கூடை கூடையாகக் கொட்டி, பாதி கருவாட்டுக்குப் போகிற சாண் நீளக் கத்தாளையும் அதில்தான், பல்லை நீட்டிக்கொண்டிருக்கும் பன்னாவும் அதில்தான், முழுசாக வளர்ந்தால் ஆள் உயரத்தை நெருங்குகிற கூரல் கத்தாளையும் அதில்தான். கூரலின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை நெட்டி என்பார்கள். அதைத் தனியாக எடுத்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், அதனால்தான் யாராவது ஒருவர் வலையில் கூரல் விழுந்தால் மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்துவிடுகிறது. குஜராத்காரர்கள் இதே மீனை கோல் என்பார்கள், 2023-இல் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். அந்தக் காற்றுப்பையை ஒட்டியிருக்கும் தசையை அதிரவைத்துத்தான் இந்தக் குடும்பத்து மீன்கள் 'கொர்கொர்' என்று கத்துகின்றன. கையில் பிடித்துப் பாருங்கள், சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்கைக்கு வந்துவிடும். கத்துவதால்தான் கத்தாளை என்று என் மாமா சொல்வார். தமிழ் வாத்தியார் யாராவது ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

சித்தி மகன் ஒருத்தன் அடிலெய்டில் இருக்கிறான். அங்கே வெஸ்ட் லேக்ஸ் என்று ஒரு செயற்கை ஏரி, சுற்றிலும் வீடுகள், ஆனால் உள்ளே கடல் தண்ணீர் வந்து போகிறது. அதில் மல்லோவே என்கிற மீனைப் பிடித்துவிட்டு எனக்குப் படம் அனுப்பி, "அண்ணே, இது நம்ம கத்தாளைதானே?" என்று கேட்டான். ஒரே குடும்பம்தான், ஒன்றரை மீட்டரையும் தாண்டி வளரும். அவன் சொன்ன பிடிக்கிற முறையில் முக்கால்வாசி இங்கேயும் செல்லும். செல்லாத கால்வாசி ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது. அவர்களுக்கு ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் இரண்டு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். நம் பாக் நீரிணைப் பக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதனால் வெளிநாட்டு வீடியோவில் "தண்ணீர் ஏறத் தொடங்கி இரண்டாவது மணி நேரம்" என்றெல்லாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் கொசுக்கடிதான் மிச்சம்.

சரி, எங்கே உட்காருவது? ராமநாதபுரம் கரையில் இருக்கும் பெரிய வசதி, நமக்கு இரண்டு கடல். தென்மேற்குக் காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ். ராமேஸ்வரத்தில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல், பாக் நீரிணையைப் பெண்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள் இல்லையா, அதை மாசக் கணக்குப் பார்த்துக்கொண்டு படியுங்கள், பெண்கடலும் வாடையில் ஆணாகிவிடும். காற்று எந்தப் பக்கமோ அதற்கு எதிர்க் கரைக்குப் போவதுதான் கணக்கு. வடக்கே ஆற்றங்கரை. தெற்கே குண்டாறு சேர்கிற மூக்கையூர்ப் பக்கம். இரண்டும் ஆற்று வாய், கத்தாளைக்கு வேண்டிய கலங்கலும் இறாலும் மடவை மீனும் அங்கே வந்து சேரும்.

ஆற்று வாய் என்றதும் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். வைகை முதலில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத்தான் போகிறது, அது நிறைந்து மிஞ்சினால்தான் கடலுக்கு. அப்படி மிஞ்சி வருகிற நாட்கள்தான் எனக்குப் பொன்னான நாட்கள். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்து, செம்மண் கலர் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒரு கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டுக்குக் கலங்கல் பக்கம் போடாதீர்கள், தெளிவுப் பக்கமும் போடாதீர்கள், கோட்டிலேயே போடுங்கள். உள்ளே இருந்து அடித்துவரப்படும் இறாலுக்காக மீன் அங்கேதான் நிற்கும்.

காரங்காடு சதுப்புக்காடு ஆசையைக் கிளப்பும். அது வனத்துறை பார்த்துக்கொள்கிற இடம், கேட்காமல் உள்ளே போய் ராடு விரிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் நினைப்பே வேண்டாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் பொழுது சாயும்போது எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ராத்திரி மீனுக்கு அது ஆகாது. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேலே நின்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பஸ் உரசிக்கொண்டு போகும்போது முதுகு சில்லிடும். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. இன்னொன்று, எந்தக் கரையாக இருந்தாலும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இது எல்லைக் கடல், ராத்திரி பத்து மணிக்குப் பையும் கேனுமாகக் கரையில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் ரோந்து வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பக்கத்து ஊர்க்காரர்களிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள். எங்கே பள்ளம், எங்கே பழைய வலை மூழ்கிக் கிடக்கிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். எந்த ஆப்பிலும் இது கிடைக்காது.

நேரம்: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்பின் இரண்டு மூன்று நாள். ஓதம் சின்னதாக இருக்கிற ஊரில் இந்த நாட்களில்தான் கழிக்குள் தண்ணீர் நன்றாக ஏறி இறங்கும். அமாவாசையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், இருட்டு இலவசமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய், வெளிச்சத்திலேயே தரையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்து ஒரு கால்மணி நேரம் அசையாமல் நிற்கும், அப்போது டீ குடிக்கலாம். திரும்பி இறங்கத் தொடங்கியதும், கரையோரத்தில் கிடக்கும் தாழை என்கிற கடல்புல், குப்பை எல்லாம் மெதுவாகக் கடல் பக்கம் நகர்வது தெரியும். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் போனை எடுக்காதீர்கள். கடையில் விற்கிற ஓத அட்டவணையைவிட அந்தத் தாழை நகர்வதைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் இங்கே காற்று ஓங்கி அடித்தால் தண்ணீர் அட்டவணையை மதிப்பதில்லை.

இப்போது இரை. இதில்தான் பெரும்பாலானோர் கஞ்சத்தனம் காட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் ரீலுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் ஃபிரிட்ஜில் கிடந்த இறாலைக் கோத்துப் போடுவார்கள். கெளுத்தி அதைத் தின்னும், நண்டு தின்னும். கத்தாளை மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும். உயிர் இறால்தான் முதல் இரை. விரல் நீளம் இருந்தால் போதும். வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி, மீன்தொட்டிக்கு வைக்கிற பேட்டரி காற்றுக்குழாயைப் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும். குழாய்த் தண்ணீரில் போட்ட ஐஸ் உருகி வாளிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பு குறைந்தால் இறால் மல்லாந்துவிடும்.

கோக்கிற விதத்தைக் கவனியுங்கள். இறாலின் தலைக்குள் கொம்புக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். தூண்டில் முள் அதைத் தொட்டால் இறால் செத்தது. வாலைப் பிடித்துக்கொண்டு, வால் விசிறிக்கு முந்தின கணுவில் கீழிருந்து மேலாக முள்ளை ஒரே குத்தாகக் குத்தி நுனியை வெளியே விடுங்கள். தண்ணீரில் விட்டுப் பாருங்கள், துள்ளிப் பின்னால் போக வேண்டும். துள்ளவில்லை என்றால் வேறு இறால். இதற்கு 1/0 அல்லது 2/0 அளவு முள் போதும்.

கொஞ்சம் பெரிய மீன் வேண்டும் என்றால் மடவைக் குஞ்சு. வீச்சுவலை வீசத் தெரிந்தவரிடம் நாலைந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதம் முதுகு வலிக்கும். முதுகுச் செட்டைக்குக் கொஞ்சம் முன்னால், தோலுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே 4/0 அல்லது 5/0 முள்ளை ஏற்றினால் நீந்திக்கொண்டே இருக்கும். உயிர் இரை எதுவும் கிடைக்காத நாளில் புதுக் கணவாயைப் பட்டையாக வெட்டி, முள்ளில் ஒரு முனையை மட்டும் குத்தி மீதியை ரிப்பன் மாதிரி ஆடவிடுங்கள். கணவாயில் இன்னொரு லாபம், சின்ன மீன்களால் சட்டென்று பிய்க்க முடியாது. சாளை வாடை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வீசுகிற வேகத்தில் பாதி பிய்ந்து காற்றில் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும்போது இறால் விலை ஏறும், அப்போது கணவாயும் வலையில் பிடித்த மடவையும்தான் கைகொடுக்கும்.

கட்டு ரொம்ப எளிது. முக்கிய நரம்பில் நடுவில் ஓட்டை போட்ட ஈயக்குண்டு ஒன்றைக் கோத்து, அதற்குக் கீழே ஸ்விவல் என்கிற சுழலும் வளையம் ஒன்று, அதிலிருந்து முக்கால் மீட்டர் லீடர், அதாவது கனமான முன்நரம்பு, நுனியில் முள். குண்டு நரம்பில் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். காரணம், கத்தாளை இரையை எடுத்ததும் உடனே விழுங்காது, வாயில் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் நகரும், அப்போது பின்னால் எடை இழுத்தால் துப்பிவிடும். குண்டு எத்தனை கிராம் என்று கேட்டால், தண்ணீர் இழுக்கிற அளவுக்கு. இரை தரையைத் தொட்டுத் தொட்டு மெதுவாக நகர்ந்தால் சரியான எடை, ஒரே இடத்தில் நங்கூரம் மாதிரி கிடந்தால் அதிகம். ராடு 8 அடியிலிருந்து 10 அடி, 4000 அல்லது 5000 அளவு ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), 40 பவுண்டு லீடர். இதற்கு மேல் கடைக்காரர் எதைக் காட்டினாலும் அது அவருக்குத்தான் நல்லது. முள்ளில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பாக்கெட் நூறு முள் என்று மலிவாக ஒரு தடவை வாங்கினேன். நல்ல மீன் ஒன்று கரைக்குப் பத்தடியில் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனது, முள்ளை எடுத்துப் பார்த்தால் குண்டூசி மாதிரி நேராக நிற்கிறது.

மீன் இழுத்தால் எவ்வளவு இறுக்கத்தில் ரீல் நரம்பை விட வேண்டும் என்பதுதான் டிராக், அதை வைக்க ஒரு வழி: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி லீடரில் கட்டி, ராடால் மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பி, அதற்கு மேல் இழுத்தால் நரம்பு விட வேண்டும். 20 பவுண்டு நரம்புக்கு அந்த அளவு போதும்.

கடி எப்படி இருக்கும்? கெளுத்தி என்றால் டக் டக் டக் என்று ராடு நுனி தந்தி அடிக்கும். பேத்தை என்றால் ஒன்றுமே தெரியாது, இழுத்துப் பார்த்தால் முள்ளே இருக்காது. கத்தாளை ஒரு தட்டு தட்டும், அப்புறம் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' தான் ஆளைக் கொல்கிறது. கை பரபரக்கும். இழுக்காதீர்கள். ராடைக் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து நரம்பைக் கொடுங்கள், மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நரம்பு தானாக நகரத் தொடங்கி, ராடு வளைந்து, வளைந்தபடியே நின்றால் அப்போதுதான் தூக்க வேண்டும். வட்ட முள் போட்டிருந்தால் வெட்டி இழுக்கவே கூடாது, ரீலை மட்டும் சுற்றுங்கள், முள் தானாக வாயின் ஓரத்தில் போய் உட்காரும். கத்தாளை வாய் மெலிசு, சிலம்பம் சுற்றுகிற வேகத்தில் இழுத்தால் கிழிந்துவிடும். முதல் ஓட்டம் கனமாக இருக்கும், ஓடவிடுங்கள். இரண்டாவது ஓட்டம் பெரும்பாலும் கரையைப் பார்த்ததும் வரும், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். கைவலை இல்லாமல் லீடரைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு வருகிறேன். லூரில் கத்தாளை வருமா என்று கேட்பவர்கள் அதிகம். வரும், ஆனால் இரையில் கிடைப்பதில் கால்வாசிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது என் அனுபவக் கணக்கு. துடுப்பு மாதிரி வால் உள்ள 4 அங்குல ரப்பர் மீன், 14 கிராம் ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த முள்). எறிந்து, தரையைத் தொடும்வரை இறக்குங்கள். நரம்பு தொய்ந்ததும் ராடை இரண்டு தடவை மேலே வெட்டுங்கள், மறுபடி இறக்குங்கள். முக்கியமானது இறங்கும்போதுதான். கத்தாளை மேலே ஏறுகிற லூரைத் துரத்தாது, விழுகிறதை எடுக்கும். அதனால் இறங்கும்போது நரம்பை முழுசாகத் தளர்த்திவிட்டால் கடியே தெரியாது. ராடு நுனியும் லூரோடு சேர்ந்து கீழே வரட்டும். மூன்று எண்ணினால் தரை தொட வேண்டிய லூர் இரண்டிலேயே நின்றுவிட்டதா? அதுதான் கடி. கலங்கல் தண்ணீரில் வெள்ளையும் இளம்பச்சையும், நல்ல இருட்டில் கறுப்பும் எனக்கு ஒத்துவந்திருக்கிறது. கறுப்பு ஏன் என்று யோசிப்பீர்கள், கீழே இருந்து பார்க்கிற மீனுக்கு வானத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் கறுப்புதான் துல்லியமாகத் தெரியும்.

கரையோரப் படகுத்துறையிலோ சின்னப் பாலத்திலோ ஒரு விளக்கு எரிந்தால், அதன் வட்டத்துக்குள் குட்டி மீன்கள் கூடும். வட்டத்துக்கு நடுவே லூரைப் போடுவது வீண். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓரத்தில், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி இழுங்கள். அங்கே கத்தாளைக்குப் பதில் கொடுவா எடுத்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். அதற்கு ரப்பர் மீனைவிடத் தண்ணீருக்குள் ஓரடி ஆழத்தில் ஓடுகிற கட்டை லூர் நல்லது, இரண்டு சுற்று சுற்றி ஒரு நொடி நிறுத்துங்கள், அந்த நிறுத்தத்தில் வெடிக்கும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு, விரலை உள்ளே விட்டுத் தூக்காதீர்கள். இன்னொரு விஷயம், கொடுவா ஆணாகப் பிழைப்பைத் தொடங்கி வளர வளரப் பெண்ணாகிற மீன். பெரியது மாட்டினால் அது பெரும்பாலும் முட்டைக்காரி. போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள் என்று சொல்வேன், கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று முள், குத்தினால் தோள் வரை கடுக்கும். ஒரு தடவை செருப்புக் காலால் மிதித்தேன், முள் செருப்பைத் தாண்டி வந்தது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால் வலி இறங்கும், விஷம் சூட்டில் சக்தி இழக்கும். அப்புறம் டாக்டரைப் பாருங்கள், டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். திருக்கைக்கும் இதே வைத்தியம்தான். தண்ணீரில் இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே போனால் திருக்கை முன்னாலேயே விலகிவிடும். பேத்தை விஷ மீன், நாய்க்குக்கூடப் போடாதீர்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஒன்றாம் எண்தானே என்று கிளம்பாதீர்கள்.

சாண் நீளத்துக்குக் கீழே இருப்பதை ஈரக் கையால் முள் கழற்றி விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்கிற மீனைச் சாக்கில் துடிக்க விடாமல், செவுளுக்குக் கீழே கத்தியால் ஒரு கீறு கீறி ரத்தம் வடியவிட்டு, கடல் தண்ணீர் கலந்த ஐஸில் தலைகுப்புறச் செருகுங்கள். கத்தாளைக் கறி பஞ்சு மாதிரி, ஐஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் போனால் குழம்பில் கரைந்து வெறும் முள் மிஞ்சும். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, குழம்பு கொதித்து அடங்கிய பிறகு மீனைப் போட்டு ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், கரண்டி போட்டுக் கிண்டக்கூடாது என்பது வீட்டு உத்தரவு.

தலையைத் தூக்கி எறியாதீர்கள். வெந்த தலையைப் பிளந்தால் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைக் கல் இருக்கும், மற்ற மீன்களில் இருப்பதைவிடப் பெரிசு. வயசைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அதை அறுத்து உள்ளே இருக்கும் வளையத்தை எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் அது சின்னவளுடைய சொத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். போன அமாவாசைக்கு நான் வெறுங்கையோடு வந்தபோது பாட்டிலைக் குலுக்கிக் காட்டினாள்.